ஆற்றின் மேல் ஆறாம் மேசை

சூப்பில் கரண்டியை விட்டபோது ஜன்னலுக்கு வெளியே ஈரச் சுவர். பாசி பிடித்த கான்கிரீட், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு பக்கத்தில். பட்டப்பகலில் சாப்பாட்டுக் கூடத்தில் விளக்கு எரிந்தது. பாழுங்கிணற்றின் அடியில் பந்தி போட்ட மாதிரி இருந்தது. நாலாவது வாய் எடுக்கும்போது சுவர் மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. ஐந்தாவது வாயில்தான் புரிந்தது, ஏறிக்கொண்டிருப்பது நாங்கள். சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை, தட்டில் சூப் தளும்பக்கூட இல்லை. வெயில் முதலில் எதிரே உட்கார்ந்திருந்த ஸ்காட்லாந்து அம்மாவின் வெள்ளை முடியில் விழுந்தது. அப்புறம் அவர் மூக்குக் கண்ணாடியில், அப்புறம் மேசை விரிப்பில், கடைசியாக என் சூப்பில். தட்டைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தால் ஜன்னல் நிறைய மலைச்சரிவும் ஓட்டு வீடுகளும்!

போர்ச்சுகல் நாட்டு டோரோ நதியில் கர்ரபட்டேலோ என்ற அணை. கப்பலை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பி 35 மீட்டர் மேலே தூக்கிவிடுகிறார்கள். கிட்டத்தட்ட பத்து மாடி. அந்தத் தொட்டியின் அகலம் 12 மீட்டரும் கொசுறும். எங்கள் கப்பலின் அகலம் 11.4 மீட்டர். இரண்டு பக்கமும் ஒரு முழம்கூட இடைவெளி கிடையாது. ஓட்டுகிற கேப்டனின் கண்ணுக்குத் திருஷ்டி சுற்றிப் போட வேண்டும் என்று தோன்றியது. கடல் பக்கமிருந்து ஸ்பெயின் எல்லை வரை சுமார் 210 கிலோமீட்டர். வழியில் இப்படி 5 அணைகள். ஐந்தையும் ஏறி, ஐந்தையும் இறங்கி, 7 ராத்திரி. எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு ஆசை அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கப்பல் என்றதும் கடலில் போகும் இருபது மாடி ராட்சதனை நினைக்க வேண்டாம். இது ஆற்றுக் கப்பல். மொத்தமே நூற்றிருபது பேருக்கும் குறைவு. பாலம் வந்தால் மேல்தளத்தில் இருக்கிற எல்லோரும் குனிந்து உட்கார வேண்டும், நிழல் கூரையை மடக்கிப் படுக்க வைத்துவிடுவார்கள். ராத்திரியில் இந்த நதியில் பயணிகள் கப்பல் ஓடக் கூடாது என்பது விதி. எனவே சாயங்காலம் ஏதாவது ஒரு சின்ன ஊரின் கரையில் கயிற்றைக் கட்டிவிட்டால் அப்புறம் சாப்பாடும் பேச்சும்தான். இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

எங்கள் மகள் பாதிப் பணம் போட்டாள். மீதியை நாங்கள் போட்டோம். எவ்வளவு என்று கேட்காதீர்கள், சொன்னால் உறவினர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். நான் 31 வருடம் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் குன்னூரில் டீ ருசி பார்ப்பதையே தொழிலாகச் செய்தவர். நாளுக்கு நூறு நூற்றைம்பது கோப்பை. 'ஸ்ஸ்ர்ப்' என்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, எந்தத் தோட்டம், எந்த மாதத்துக் கொழுந்து என்று சொல்லிவிடுவார். ஆனால் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவை முழுங்கியவர் இல்லை. "ஒயின் ஊருக்குப் போறோம், நீங்க அங்க போய் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "நீ குடிம்மா, நான் மலையைப் பாக்கறேன்" என்றார்.

போர்ட்டோ நகரத்துக்கு எதிர்க்கரையில் கையா. அங்கேதான் கப்பல் ஏறினோம். எங்கள் பெட்டிகள் ஏறவில்லை. விமான நிறுவனத்தின் பெயர் வேண்டாம், விடுங்கள். கட்டின புடவையோடு முதல் ராத்திரி சாப்பாட்டுக்குப் போய், கூச்சப்பட்டுக்கொண்டு மூலையில் இருந்த மேசையாகப் பார்த்து உட்கார்ந்தோம். அதன் எண் 6. கணக்கு வாத்தியாருக்கு இதைவிடப் பொருத்தமாக அமையுமா? ஆற்றின் மேல் ஆறு! ஐந்து நிமிடத்துக்குள் கனடா நாட்டு அம்மா ஒருவர் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி என் தோளில் போட்டார். அவர் கணவர் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிறகு, தனியாக வந்திருந்த ஸ்காட்லாந்து அம்மா. 79 வயது, நர்ஸாக இருந்தவர். கடைசியாகச் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தது பிரேசில் ஜோடி, அவர் பல் டாக்டர். யார் எங்கே உட்காரலாம் என்று கப்பலில் கட்டாயமே இல்லை. ஆனால் நாங்கள் 7 பேரும் 7 ராத்திரியும் அதே மேசையைவிட்டு நகரவில்லை.

எங்களுக்கு ஒயின் ஊற்றிய தம்பி நதிக்கரையிலேயே ரேகுவா என்ற ஊரில் பிறந்தவன். முதல் ராத்திரி என் வீட்டுக்காரர் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு என் கோப்பையை இழுத்து மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்தார். தம்பியிடம், "துப்புவதற்கு ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. தம்பி முகம் மலர்ந்து, ஐஸ் வைக்கிற வெள்ளி வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவர் தன் தொழில் முறைப்படி 'ஸ்ஸ்ர்ப்' என்று உறிஞ்சினார். பக்கத்து மேசைகள் திரும்பின. துப்பினார். கண்ணை மூடிக்கொண்டு, "மழை விழுந்த கருங்கல், எலுமிச்சை இலை, கடைசியில கொஞ்சம் நெல்லிக்காய்" என்றார். தம்பி கையில் இருந்த பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அது 'வின்யு வெர்ட்' என்கிற இளம் வெள்ளை ஒயின், வடமேற்குப் போர்ச்சுகலில் கருங்கல் பூமியில் விளைவது. அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் புது பாட்டில் திறந்தால் முதல் சொட்டு எங்கள் மேசைக்குத்தான். மற்ற மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு 'டீக்காரர் என்ன சொல்கிறார்' என்று காத்திருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதலில் சொன்ன சூப்பின் பெயர் 'கால்டு வெர்ட்', பச்சைக் குழம்பு. உருளைக்கிழங்கை மசித்து, கோஸ் வகைக் கீரை ஒன்றைத் தலைமுடி மாதிரி நறுக்கிப் போட்டு, மேலே ஒரு துண்டு புகை போட்ட பன்றிக் கறி. ஏழை வீட்டுச் சாப்பாடு. இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு ஏழை வீட்டுச் சாப்பாட்டைப் பெருமையாகப் பரிமாறுகிற கப்பல் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அடுத்து 'பக்கல்யாவ்', அதாவது உப்புக் கண்டம் போட்ட காட் மீன். நம் கருவாடுதான், ஆனால் பலகை தடிமன். வேடிக்கை என்னவென்றால் அந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடையாது. நார்வே, ஐஸ்லாந்து பக்கத்துக் குளிர் கடலிலிருந்து வருகிறது. ஒரு நாள், இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்து, வருடத்துக்கு 365 விதமாகச் சமைப்பார்களாம். நான் நாலு விதம் சாப்பிட்டேன். சன்னமாகச் சீவிய உருளைக்கிழங்கு வறுவலோடு முட்டையில் புரட்டிய விதத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். மூன்றாம் தடவையும் கேட்டிருப்பேன், வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் காலை மிதித்தார்.

ஆக்டோபஸ் சாப்பிட்டேன்! நானா என்று எனக்கே சந்தேகம். ஆலிவ் எண்ணெயும் பூண்டும் தாராளமாக விட்டு அடுப்பில் சுட்டது. வெளியே மொறுமொறு, உள்ளே வெண்ணெய். கூட வருவது 'குத்து வாங்கிய உருளைக்கிழங்கு', பெயரே அதுதான். தோலோடு வெந்த சின்னக் கிழங்கை முஷ்டியால் ஒரு குத்து. வெடித்த வாய் வழியே எண்ணெய் இறங்கும். சமையல் கட்டை எட்டிப் பார்த்தபோது சமையல்காரர் என்னையும் குத்தச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு கிழங்கு குத்தினேன். ஓய்வூதியக் கோப்புக்காக அலைந்த காலத்துக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

ஒரே ஒரு குறை, காரம். அமெரிக்கக் கண்டத்து மிளகாயை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தது இவர்கள் முன்னோர்தான். எல்லாவற்றையும் நம்மிடம் கொடுத்துவிட்டுத் தங்களுக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்ள மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இதை நான் மேசையில் சொன்னதும் பிரேசில் டாக்டர், "வேறு என்ன கொடுத்தோம்?" என்று கேட்டார். அவர் வீட்டு மொழியும் போர்த்துகீசுதானே. நான் ஜன்னலைக் காட்டி "ஜன்னல்" என்றேன். "ஜனேலா!" என்று அவர் மனைவி கத்தினார். அறைச் சாவியைத் தூக்கினேன். "ஷாவி!" மடியில் இருந்த துண்டை "துவாலை" என்றேன், "துவால்யா!" மேசையைத் தட்டினேன், "மேசா!" அலமாரிக்கு "அர்மாரியோ!" எங்களை விட்டால் கப்பலையே பிரித்து மேய்ந்திருப்போம். அன்னாசி என்றதும் மட்டும் இருவரும் முழித்தார்கள். பிரேசிலில் அதற்கு வேறு பெயராம். ஒயின் தம்பிதான் பின்னாலிருந்து "அனனாஸ்!" என்று மானத்தைக் காப்பாற்றினான். என் வீட்டுக்காரர் அதுவரை பேசவில்லை. குன்னூரில் வாராவாரம் டீ விற்பது எப்படி என்று யாரோ கேட்க, "ஏலம்" என்றார். "லெய்லாவ்" என்றார் டாக்டர், மெதுவாக. நாற்பது வருடம் தினம் சொன்ன வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வெள்ளி வாளியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

பீப்பாய் கதை இன்னும் ருசி. இந்த நதிக்கரையின் செல்வமே போர்ட் ஒயின். ரேகுவாவைத் தாண்டினால் மலை முழுக்கப் படிக்கட்டு வயல்கள். பலகை பலகையாகப் பிளக்கும் கல்லை உடைத்து, கையால் சுவர் அடுக்கி, கொடி நட்டிருக்கிறார்கள். மண் என்று சொல்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வேர் கல்லின் இடுக்கில் நுழைந்து ஆழத்துக்குத் தண்ணீர் தேடிப் போகிறது. 1756ஆம் வருடமே பொம்பால் பிரபு, எந்தச் சரிவில் விளைந்தால் போர்ட் என்று சொல்லலாம் என எல்லை வகுத்து, பிறகு எல்லைக் கல்லும் நட்டுவிட்டார். அந்தக் கருங்கல் தூண்கள் சில இன்னும் நிற்கின்றன. திராட்சைச் சாறு பொங்கிக்கொண்டிருக்கும்போதே, இனிப்பு முழுவதும் கரைந்து போவதற்குள், 77 சதவீதம் சாராயமான திராட்சை வடிநீரை ஊற்றிப் பொங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். அதனால்தான் அந்தத் தித்திப்பு, அதனால்தான் அந்தச் சூடு. பிறகு மரத்துக்குள் உறங்கப் போகிறது. அந்த மரத்துக்கு என்ன பெயர் என்று தோட்டத்துப் பெண் சொன்னாள்: "பீப்பா." நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில் சுற்றுலாக் குழுவே திரும்பிப் பார்த்தது. ஒரு பீப்பா 550 லிட்டர். முன்பு இதை 'ரபெலு' என்ற தட்டையான பாய்மரப் படகில் ஏற்றி, பாறையும் சுழலுமாக இருந்த நதியில் கையா வரை கொண்டுபோவார்களாம். 1960கள் வரைகூட ஓடியிருக்கின்றன. அப்புறம் அணைகள் வந்தன. நதி குளம் மாதிரி ஆகிவிட்டது.

வலேய்ரா என்ற இடத்தைக் கடந்தபோது தம்பி எங்களை மேல்தளத்துக்குக் கூப்பிட்டான். இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தான கருங்கல் மலை. 1861 மே மாதம் இங்கே ஒரு படகு கவிழ்ந்தது. இந்த நதிக்கு வரைபடம் போட்டவரான ஃபாரஸ்டர் மூழ்கிப்போனார். இடுப்பில் தங்கக் காசு கட்டியிருந்ததால் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பார்கள். அதே படகில் வந்த டோனா அந்தோனியா ஃபெரெய்ரா, டோரோவின் பெரிய தோட்டங்களை ஆண்ட அம்மா, பிழைத்துக்கொண்டார். அவருடைய குடைப் பாவாடை காற்றுப் பிடித்து மிதக்க வைத்ததாம். ஸ்காட்லாந்து அம்மா என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "இது மிதக்குமா?" என்றார். அதற்குள் எங்கள் பெட்டிகள் வந்துவிட்டிருந்தன, பட்டுப் புடவை கட்டியிருந்தேன். "கப்பல் கவிழ்ந்தால் இதைக் காப்பாற்ற நான்தான் நீந்த வேண்டும்" என்றேன்.

நாங்கள் போனது செப்டம்பர் கடைசி, அறுவடை நேரம். பின்யாவ் ஊரில் இறங்கினால் காற்றிலேயே புளிப்பு வாசம். அங்கே ரயில் நிலையச் சுவரில் நீலமும் வெள்ளையுமாக ஓட்டுச் சித்திரங்கள், 24 படங்கள், 1937இல் பதித்தவை. கூடை தூக்குகிறவர்கள், மிதிக்கிறவர்கள், படகுகள். நம் ரயில்காரர் படத்தைப் பார்க்கவே இல்லை, தண்டவாளத்தைத்தான் பார்த்தார். நதியை ஒட்டியே ஓடும் பாதை அது. பொச்சின்யு ஊரோடு நின்றுவிட்டது, எல்லை வரை போன மிச்சப் பாதையை 1988இல் மூடிவிட்டார்கள். "இப்படிப்பட்ட பாதையை மூட எப்படி மனசு வந்தது?" என்று சாப்பாட்டு வேளை முழுவதும் புலம்பினார்.

அன்று சாயங்காலம் ஒரு தோட்டத்தில் எங்களைத் திராட்சை மிதிக்க விட்டார்கள். கருங்கல் தொட்டி, தொடை ஆழம். முதல் காலை வைத்தபோது சில்லென்று, பாதத்துக்கு அடியில் உருண்டைகள் நழுவி, தோல் வெடித்து, விரல் இடுக்கில் வழுக்கியது. போகப் போக அடியில் வெதுவெதுப்பு. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வரிசையாக நின்று, 'இடது, வலது' என்று ஒருவர் குரல் கொடுக்க, படை நடப்பது மாதிரி ஒரே அளவாக நடக்க வேண்டும். குரல் கொடுக்கிற வேலையை ரயில்காரர் வாங்கிக்கொண்டார். எஞ்சின் கிளம்புவது போல மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டினார். அந்தக் கட்டுப்பாட்டு நேரம் முடிந்ததும் 'விடுதலை' என்று அறிவிப்பார்கள். அப்புறம் பாட்டும் ஆட்டமும், யார் எப்படி வேண்டுமானாலும் ஆடலாம். 79 வயது நர்ஸ் அம்மா ஆடினார். நான் கும்மி அடித்தேன். முழங்காலுக்கு மேல் ஊதாக் கறை மூன்று நாள் போகவில்லை. போகக் கூடாது என்றுதான் சோப்பும் போடவில்லை.

எல்லை தாண்டி, ஸ்பெயின் நாட்டுச் சலமாங்காவுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் கூட்டிப்போனார்கள். அழகான ஊர், பொன் நிறக் கல் கட்டடங்கள். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அங்கே சாப்பிட்ட மதிய உணவு முழுவதும் எனக்கு ஆறாம் மேசை ஞாபகம்தான்.

பாலாடைக்கட்டி ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். செரா ட எஷ்ட்ரேலா மலையில் செம்மறியாட்டுப் பாலில் செய்வது, முள்செடி ஒன்றின் பூவைப் போட்டு உறைய வைக்கிறார்கள். மேல்தோலை மூடி மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட வேண்டும். அதோடு பீப்பாயில் முதிர்ந்த 20 வருட டானி போர்ட். நிறம் நல்லெண்ணெய்க்கும் தேனுக்கும் நடுவில். வீட்டுக்காரர் உறிஞ்சி, துப்பி, "வறுத்த முந்திரி, ஆரஞ்சுத் தோல், எங்க பாட்டி வீட்டுத் தேக்கு அலமாரியைத் திறந்த வாசனை" என்றார். "அர்மாரியோ!" என்று மேசையே கத்தியது. இனிப்புக்கு அரிசிப் பாயசம், மேலே பட்டைத் தூளால் கட்டம் கட்டமாகக் கோலம். ஸ்காட்லாந்து அம்மா தினமும் இனிப்பில் இரண்டு கிண்ணம் வாங்குவார். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மற்றதை எதிரே நகர்த்தி வைப்பார். மூன்றாம் நாள்தான் சொன்னார், இந்தப் பயணத்துக்கு இரண்டு பேருக்குத்தான் டிக்கெட் போட்டிருந்தார்களாம். அதற்குப் பிறகு அந்த இரண்டாவது கிண்ணத்தைத் தினம் ஒருவராக நாங்கள் முறை வைத்துச் சாப்பிட்டோம். யாரும் இதைப் பேசி முடிவு செய்யவில்லை.

கடைசி ராத்திரி. கப்பல் ஏறிய அன்றே அந்த அம்மா கையாவில் ஒரு பாட்டில் வாங்கித் தம்பியிடம் கொடுத்து, ஆடாமல் நிற்க வைக்கச் சொல்லியிருந்தார். 1977ஆம் வருட விண்டேஜ் போர்ட், அவர்கள் கல்யாணம் நடந்த வருடம். அவ்வளவு பழைய கார்க்கைத் திருகினால் பொடிந்துவிடும். தம்பி நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியைக் கொண்டுவந்தான். பாட்டிலின் கழுத்தை அதால் கவ்விப் பிடித்தான். கூடத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. ஒரு நிமிடம் இருக்கும். இடுக்கியை எடுத்துவிட்டு ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றினான். 'டக்'. சின்னச் சத்தம், சுள்ளி முறிகிற மாதிரி. கழுத்து கார்க்கோடு அவன் கையில் வந்துவிட்டது, வெட்டு வட்டமாக, ஒரு சிலும்பு இல்லாமல். மெல்லிய துணியில் வடித்துக் குடுவையில் ஊற்றினான்.

போர்ட் குடுவை இடது பக்கமாகத்தான் கை மாற வேண்டும், நிற்கவே கூடாது என்பது ஆங்கிலேயர் வழக்கம். யாராவது பேச்சு சுவாரசியத்தில் குடுவையைப் பிடித்துவைத்துக்கொண்டால், "நார்விச் பிஷப்பைத் தெரியுமா?" என்று கேட்பார்களாம். தெரியாது என்றால், "நல்ல மனுஷர், ஆனால் குடுவையைத் தள்ளிவிட மறந்துவிடுவார்" என்பார்களாம். ஸ்காட்லாந்து அம்மா இதை எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். அன்றைக்குக் குடுவை என் வீட்டுக்காரரிடம் வந்து நின்றுவிட்டது. ஊற்றிக்கொண்டவர் மோந்துகொண்டே இருந்தார். "பிஷப்! பிஷப்!" என்று பிரேசில் டாக்டர் மேசையைத் தட்டினார். வெள்ளி வாளி வழக்கம்போல அவர் காலடியில் இருந்தது. உறிஞ்சினார், அன்றைக்குச் சத்தம் வரவில்லை. தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்.

"என்ன வாசனை?" என்று எல்லோரும் கேட்டார்கள்.

"இன்னும் தெரியலை" என்று தமிழில் என்னிடம் சொன்னார். "இன்னொரு வாய் வேணும்."

அந்தக் கண்ணாடிக் கழுத்தை ஸ்காட்லாந்து அம்மா துவாலையில் சுற்றி என் வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டார். பெட்டியின் அடியில், புடவை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன பையன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உடைஞ்ச பாட்டில் எதுக்கு சார்?" என்றான். இவர் அரைமணி நேரம் கதை சொல்லத் தயாராகிவிட்டார். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். இப்போது அது குன்னூரில் எங்கள் ஜன்னல் விளிம்பில் இருக்கிறது, கார்க் இன்னும் உள்ளேதான். வருகிறவர்கள் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்கிறார்.